ஏழு எங்கே எட்டானது? ஒரு 7/8 பாட்டின் ஒத்திகை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐந்து பேர் கொண்ட இசைக்குழு: டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகி. நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்து வாசிப்பவர்கள், அத்தனை பாட்டும் 4/4 அல்லது 6/8. கீபோர்டுக்காரர் முதன்முறையாக 7/8-இல் ஒரு பாட்டு எழுதினார். ஆறு வாரத்தில் மேடை. முதல் வாரம் மூன்று ஒத்திகை நடந்தும் பாட்டை ஒரு முறைகூட முழுசாக வாசித்து முடிக்க முடியவில்லை. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒத்திகைகளைக் கவனித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. வாசிக்கிறவர்களில் நான் ஒருவன் இல்லை.

பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று. 7/8 என்றால் ஒரு பாரில் ஏழு சின்ன அடிகள், பழகிய 4/4-இல் அதே அடி எட்டு. கீழே அவற்றை மாத்திரை என்றே குறிக்கிறேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 216 மாத்திரை, அதாவது ஒரு பார் முடிய இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. குழு பயிற்சிக்கு வைத்திருந்த கிளிக் (வேகம் காட்டச் சீராக ஒலிக்கும் டிக் ஒலி) நிமிடத்துக்கு 108, இரண்டு மாத்திரைக்கு ஒரு கிளிக். இந்தக் கிளிக் விவரம் பின்னால் முக்கியமாகிறது.

முதலில் கண்டது

நான் போன அன்று பாட்டு மூன்று முறை தொடங்கியது, மூன்று முறையும் முதல் சரணத்திலேயே நின்றது. நின்ற இடம் ஒவ்வொரு முறையும் வேறு. அதைவிட, நின்ற பிறகு நடந்த பேச்சுதான் எனக்கு ஆர்வமாக இருந்தது.

கிட்டார்காரர் இளையவர். "அண்ணா, முதல் பார் சரியா வருது. ரெண்டாவது பார்லதான் கிளிக்கும் நீங்களும் எங்கயோ போயிடறீங்க" என்றார்.

டிரம்ஸ்காரர் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "இல்ல தம்பி, ரெண்டாவது பார் பிரமாதமா உக்காருது. முதல் பார்லதான் நீ இடிக்கிற" என்றார்.

இருவரும் கோபமாக இல்லை. கேட்டதைத்தான் சொன்னார்கள். ஒருவருக்குச் சரியாகப் பட்ட பார் மற்றவருக்குத் தப்பாகப் பட்டது, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில். யாரோ ஒருவருக்குத் தாளம் நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். இந்தப் பேச்சைக் கேட்டதும் அந்த எண்ணத்தை ஓரமாக வைத்தேன்.

டிரம்ஸ்காரர் இன்னொன்றும் சொன்னார்: "ஏழு எனக்குப் புதுசு இல்ல. சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டப்பவே மிஸ்ர சாபு வாசிச்சவன்." உண்மைதான். மிஸ்ர சாபு கர்நாடக இசையில் ஏழு எண்ணிக்கைத் தாளம். ஐந்து பேரில் ஏழு என்ற கணக்கு கையோடு வந்தது அவர் ஒருவருக்குத்தான். சிக்கலின் பாதி அதில்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்க இன்னும் பத்து நாள் ஆனது.

பதிவைக் கேட்டபோது

அன்றைய ஒத்திகையைப் பதிவு செய்து, கணினியில் ஒவ்வொரு பாரின் நீளத்தையும் அளந்தேன். பெரும்பாலான பார்கள் 1.94 வினாடியை ஒட்டியே இருந்தன, ஏழு மாத்திரைக்கு அதுதான் கணக்கு. சில பார்கள் மட்டும் 2.2 வினாடி. எட்டு மாத்திரைக்கு 2.22. இடையில் வேறு நீளமே இல்லை. ஆக, யாரும் தளர்ந்து இழுக்கவில்லை. சில இடங்களில் முழுசாக ஒரு மாத்திரை கூடுகிறது. ஏழு, பழகிய எட்டாகிவிடுகிறது.

கூடிய இடங்கள் இரண்டு வகை. ஒன்று, நான்காம் பார், எட்டாம் பார் முடிவில் டிரம்ஸ் ஃபில் (வழக்கமான நடையை விட்டு டிரம்ஸ் போடும் சின்ன அலங்காரம்) வரும் இடம். இன்னொன்று, பாடகியின் வரி முடியும் இடம்.

வரி இப்படி: "இனி ஒரு நாள்". பாரில் உட்காரும் விதம், இ-னி, ஒ-ரு, நாள். நான்கு குறிலுக்கு நான்கு மாத்திரை, மிச்சம் மூன்றும் "நாள்" என்ற ஒரே நெடிலுக்கு. இலக்கணம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை தரும், இந்த மெட்டு மூன்று தருகிறது, பாடகி நான்கு கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்க அழகாகத்தான் இருந்தது. இன்னொரு வகையில் அது நியாயமும்கூட. நெடிலில் முடியும் வரியில் மூச்சு விட்டு அமர்வது பாடுகிறவர்களுக்கு ஊறிப்போன பழக்கம், அப்படி அமரத் தோதான நீளம் நான்குதான்.

ஒரு மாத்திரை கூடியதும் நடந்தது இது: பேஸ் டிரம்ஸோடு போகும். கீபோர்டு கிட்டாரோடு போகும். கிட்டார்காரர் தான்தான் முந்திவிட்டதாக நினைத்து அடுத்த பாரில் ஒரு மாத்திரை காத்திருப்பார். அவர் காத்திருப்பதைப் பார்த்து டிரம்ஸ்காரர் தானும் ஒன்று காப்பார். அதற்குப் பிறகு ஒன்று, அதாவது பாரின் முதல் மாத்திரை, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதல் முடிவு, அது தவறிய விதம்

ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, கருவி இல்லாமல் ஏழு மாத்திரையைக் கைதட்டிக் காட்டச் சொன்னேன். டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் தட்டியது 3+2+2, தாளச் சொல்லில் தகிட தக தக. மிஸ்ர சாபுவின் நடை. கிட்டார்காரரும் கீபோர்டுக்காரரும் தட்டியது 2+2+3, தக தக தகிட. பாடகி தட்டவில்லை. "எனக்கு வரிதான் தெரியும், எண்ணத் தெரியாது" என்றார்.

இரண்டும் ஏழுதான். இரண்டும் ஒன்றில் சேர்ந்து தொடங்கி ஒன்றில் சேர்ந்து முடியும். கணக்கில் மோதலே இல்லை. வேண்டுமென்றே இப்படி ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி வாசிக்கிறவர்களும் உண்டு, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தெரிந்து செய்வது வேறு, தெரியாமல் நடப்பது வேறு. பல்கேரியாவின் ரச்செனிட்சா நடனம் 2+2+3, கிரேக்கத்தின் கலமத்தியனோஸ் 3+2+2. இரண்டையும் 7/8 என்று எழுதலாம். ஒன்றை ஆடுகிறவர் மற்றொன்றின் இசைக்குக் கால் வைத்தால் முதல் அடியிலேயே தடுக்கும். எங்கள் ஒத்திகை அறையில் நடந்ததும் அதுதான்.

தாளில் 7/8 என்று மட்டும் இருந்தது. ஏழு எப்படிப் பிரிகிறது என்று எங்கும் எழுதவில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் தன் 'மைக்ரோகாஸ்மாஸ்' பியானோ தொகுப்பின் முடிவில் வைத்த ஆறு பல்கேரிய நடனங்களில் 9/8 என்று போட்டுவிட்டு நகரவில்லை. 4+2+3 என்று பிரித்தே எழுதினார். எட்டு மாத்திரை வருபவற்றைக்கூட ஒன்றில் 3+2+3, இன்னொன்றில் 3+3+2 என்று குறித்தார். கூட்டுத்தொகையைப் பார்த்து எப்படி வாசிப்பது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

எல்லோரும் ஒரே பிரிப்புக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தேன். சரியான முடிவு. எந்தப் பிரிப்பு என்பதில் தவறினேன். 3+2+2 என்றேன். குழுவில் ஏழை உறுதியாகப் பிடித்திருந்தவர் டிரம்ஸ்காரர், அவரை ஏன் அசைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர் வயதும் குரலும் அதில் கொஞ்சம் பங்கு வகித்தன என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கிட்டார்காரர் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, மாற்றினார். 2+2+3-ஐ அதன் மூன்றிலிருந்து தொடங்கினால் 3+2+2 ஆகிவிடும், நோட்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஐந்து நாளில் அதைப் பழகியும் விட்டார். ஆனால் பாடகி வந்து பாடியதும் எல்லாம் கலைந்தது. "இனி ஒரு நாள்" என்ற வரி 2+2+3 தவிர வேறு எதிலும் உட்காராது. 3+2+2-இல் வைத்தால் "ஒரு" இரண்டாக உடைந்து, "இனியொ ருநா" என்று கேட்கிறது. சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தாளம்தான் நகர வேண்டும். வரியை முதலில் பார்த்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

கிளிக் என்ன செய்துகொண்டிருந்தது

இதற்கிடையில் முதல் நாள் பேச்சு என்னை விடவில்லை. முதல் பார் சரி, ரெண்டாவது பார் சரி என்று இருவரும் ஏன் எதிரெதிராகச் சொன்னார்கள்? ஒரு தாளில் பதினான்கு கோடு போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது.

இரண்டு மாத்திரைக்கு ஒரு கிளிக் என்றால், ஒற்றைப்படையான ஏழில் அது ஒரு பாருக்குள் முடியாது. இரண்டு பாருக்கு ஏழு கிளிக். முதல் பாரில் கிளிக் 1, 3, 5, 7-இல் விழும். இரண்டாம் பாரில் 2, 4, 6-இல் விழும்.

இப்போது கிட்டார்காரரின் 2+2+3. அவருடைய துண்டுகள் தொடங்குவது 1, 3, 5. முதல் பாரில் மூன்றும் கிளிக்கோடு சேரும், இரண்டாம் பாரில் ஒன்றுகூடச் சேராது. டிரம்ஸ்காரரின் 3+2+2 தொடங்குவது 1, 4, 6. முதல் பாரில் ஒன்று மட்டும் சேரும், இரண்டாம் பாரில் 4, 6 இரண்டும் சேரும். அதனால் அவருக்கு இரண்டாம் பார் "பிரமாதமா உக்கார்ந்தது". இருவரும் சொன்னது அப்படியே உண்மை. அந்தத் தாளை இருவருக்கும் காட்டினேன். டிரம்ஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாங்க ரெண்டு பேரும் கிளிக்கோடதான் சண்டை போட்டிருக்கோம்" என்றார்.

மூன்றாம் வாரம்: திருப்பிப் போட்டது

பாட்டு 2+2+3 என்று மாற்றினோம். தாளின் தலைப்பில் அதை எழுதினோம். கிட்டார் ரிஃப் பழைய இடத்துக்கே திரும்பியது. பழைய கிளிக்கை எடுத்துவிட்டு, 1, 3, 5-இல் மட்டும் ஒலிக்கும் கிளிக் செய்தோம், ஒன்றில் மட்டும் ஒலி கூர்மையாக.

எண்ணுவதையும் நிறுத்தச் சொன்னேன். காரணம் எளிது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினால் ஒவ்வொரு எண்ணுக்கும் குறைந்தது இரண்டு அசைப்பு, இரண்டுக்கு மூன்று. வினாடிக்கு மூன்றரை மாத்திரைக்கு மேல் ஓடும் பாட்டில் நாக்கு அதைச் சமாளிக்காது. கடைசியில் வருவதோ "ஏழு", நெடிலில் தொடங்குகிறது. சொல்லிப் பாருங்கள், ஏழு தானாகவே இரண்டு மாத்திரை எடுத்துக்கொள்ளும். எட்டாம் மாத்திரை அங்கேயே பிறந்துவிடுகிறது. தக தக தகிட என்றால் ஏழு எழுத்து, ஏழும் குறில், ஒன்றுகூட நீளாது.

அப்புறம் நடந்தோம். துண்டுக்கு ஓர் அடி: குட்டை, குட்டை, நெட்டை. வாசிக்கிறவர் மனதில் ஓட வேண்டியது ஏழு சம அடிகள் அல்ல, சமமில்லாத மூன்று அடிகள். ஒரு பாருக்கு மூன்று அடி என்பதால் அடுத்த பார் மற்றக் காலில் தொடங்கும். முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. பாடகிதான் எல்லோருக்கும் முன்னால் பிடித்தார். எண்ணத் தெரியாது என்றவர், நெட்டை அடி முடியும் முன்னாலேயே அடுத்த "இனி"க்கு மூச்சு எடுக்கத் தொடங்கியிருந்தார். "நாள்" மூன்று மாத்திரைக்குள் அடங்கியது.

நான் வேகத்தைக் குறைத்தும் பயிற்சி வைத்தேன். பெரிய பலன் இல்லை. மெதுவாக வாசிக்கும்போது ஏழையும் எண்ண நேரம் கிடைக்கிறது, எண்ணிப் பிழைத்துவிடுகிறார்கள். வேகம் கூடியதும் எண்ண முடியாமல் பழைய இடத்திலேயே விழுந்தார்கள்.

ஃபில்

நான்காம் வாரம் முழுக்கப் போனது டிரம்ஸ் ஃபில்லில். டிரம்ஸ்காரர் நடையை 2+2+3-க்கு மாற்ற மூன்று நாள்தான் எடுத்தார். கிக் டிரம் ஒன்றில், ஸ்னேர் டிரம் ஐந்தில். ஆனால் ஃபில் வந்ததும் கை பழைய வீட்டுக்குப் போய்விடும். அவரிடம் ஃபில்லை வாயால் சொல்லச் சொன்னேன். சொன்னார்: "தக தக தகதிமி." சொல்லி முடித்துத் தானே நிறுத்தினார். எட்டு. முடிக்கும் இடத்தில் நான்கைப் போட்டு அமர்வது அவர் கை பல ஆண்டு செய்து வந்த வேலை. பாடகி "நாள்" என்ற இடத்தில் செய்ததையே அவர் டாம்களில் செய்துகொண்டிருந்தார்.

முழு பார் ஃபில்லை விட்டுவிடலாம், கடைசி மூன்று மாத்திரை மட்டும் போதும் என்பது அவரே சொன்ன தீர்வு. நான்கு மாத்திரை வழக்கமான நடை, பிறகு தகிட, உடனே அடுத்த ஒன்றில் சிம்பல். அடுத்த பதிவை அளந்தபோது நான்காம் பார்கள் 1.94-க்கு வந்திருந்தன. ஒன்றே ஒன்று 2.2. அது எது என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொன்னார்.

ஐந்தாம் வாரம்: சோலோவும் ஒரு விதியும்

கிட்டார் சோலோ 7/8-இல் 16 பார். சோலோ முழுக்கக் கிட்டார்காரர் விரல்களைவிடத் தாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கேட்டாலே தெரிந்தது. அந்தப் பகுதியை 4/4 ஆக்கலாம் என்றேன். அவருக்கு அது தோற்றுப்போனது போல இருந்தது. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 1973-ஆம் ஆண்டுப் பாட்டு 'மணி' 7/4-இல் ஓடிக்கொண்டிருக்கும், கிட்டார் சோலோ வந்ததும் 4/4-க்கு மாறிவிடும் என்று போட்டுக் காட்டினேன். அன்று இரவே ஒப்புக்கொண்டார். 16 பார் ஏழு என்பது 112 மாத்திரை, அதே நீளத்துக்கு 4/4-இல் 14 பார் போதும். ஆனால் நான்கு நான்காக வளரும் சோலோவுக்கு 14 அரைகுறையாக நின்றதால் 16 வைத்தோம்.

மேடையில் யாராவது தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி வைத்தோம். தொலைந்தவர் கையை எடுத்துவிட வேண்டும், அடுத்த ஒன்றில் சேர வேண்டும். யாரும் யாருக்காகவும் ஒரு மாத்திரைகூடக் காக்கக் கூடாது. பேஸ் மட்டும் எதற்கும் நிற்காது, யாரையும் பின்தொடராது. இதற்கும் முன்மாதிரி உண்டு. டேவ் புரூபெக் குவார்ட்டெட் என்ற ஜாஸ் குழுவின் 'டேக் ஃபைவ்' (1959) 5/4. அதில் டிரம் சோலோ நடக்கும்போதும் பியானோ அதே சின்ன இசை உருவை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். அந்த உரு ஓடுவதால்தான் டிரம்ஸ் எவ்வளவு தூரம் போனாலும் ஐந்து என்ற கணக்கு கையை விட்டுப் போவதில்லை. எங்கள் பேஸ்காரருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அதுவரை அவர் டிரம்ஸைக் கேட்டே வாசித்தவர்.

வாரக் கடைசியில் பழைய கிளிக்கைத் திரும்ப வைத்தேன், சோதனையாக. ஒரு பாரில் கிளிக் துண்டோடு சேரும், அடுத்த பாரில் இடைவெளியில் விழும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை முழுப் பாட்டையும் வாசித்தார்கள்.

மேடை

இரண்டாம் சரணத்தில் ஒரு இடறல். பாடகிக்கு மானிட்டரில் (மேடையில் இருப்பவர்கள் குழுவின் ஒலியைக் கேட்கும் கருவி) டிரம்ஸ் சரியாகக் கேட்கவில்லை, "நாள்" நான்கு மாத்திரை ஆகிவிட்டது. கிட்டார்காரர் அரை நொடி தயங்கியது தெரிந்தது. பேஸ் நகரவில்லை. பாடகி அடுத்த வரியின் முதல் சொல்லை விட்டுவிட்டு, அதற்கடுத்த ஒன்றில் சேர்ந்துகொண்டார். இரண்டு பாரில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தது. முன்பு இதே பிழைக்குப் பாட்டு நின்றிருக்கும்.

நான் எதிர்பார்க்காதது வேறு. சோலோ 4/4-இல் ஓடியபோது கேட்க வந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். சோலோ முடிந்து பாட்டு 7/8-க்குத் திரும்பியது, கைதட்டல் நிற்கவில்லை. அதே சீரில், இரண்டு மாத்திரைக்கு ஒரு தட்டு. ஒரு பாரில் துண்டுகளோடு சேர்ந்தது, அடுத்த பாரில் இடையில் விழுந்தது. எங்கள் பழைய கிளிக்தான், இந்தத் தடவை நூறு கைகளில். டிரம்ஸ்காரர் கிட்டார்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். யாரும் இடறவில்லை.

இன்னொரு முறை என்றால்

முதல் நாளே ஆளுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி, கருவியைக் கீழே வைத்துவிட்டு ஏழைத் தட்டிக் காட்டச் சொல்வேன். பிரிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் பாட்டு வரியைச் சொல்லிப் பார்ப்பேன். யார் உறுதியாக வாசிக்கிறார் என்பதை வைத்து அதை முடிவு செய்யமாட்டேன். மெதுவான பயிற்சியில் போன மூன்று நாளையும் நடந்து பழகுவதற்குக் கொடுத்திருப்பேன். பாடகியின் மானிட்டரை மேடையேறும் முன் நானே ஒரு முறை காதில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சோலோவை 4/4 ஆக்கியது சரிதானா என்பதில் எனக்கும் கிட்டார்காரருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் ஏழிலேயே வாசித்திருப்பேன் என்கிறார் அவர். இருக்கலாம்.

கீபோர்டுக்காரர் அடுத்து எழுதியிருப்பது 11/8. தாளின் தலைப்பில் 2+2+3+2+2 என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.